வாரத்துக்கு எட்டு நாள் உள்ள ஊர்

கேள்வி: ஏதாவது ஒரு சின்ன அரபுக் கிராமத்தின் நிலம், வரலாறு பற்றிச் சொல்ல முடியுமா?

நான் பத்தீரைச் சொல்வேன். பாலஸ்தீனத்தின் மேற்குக் கரையில், பெத்லகேமுக்கு மேற்கே உள்ள மலைச்சரிவு ஊர். ஜெருசலேம் சில கிலோமீட்டர்தான். சரிவு முழுக்கச் சாந்து இல்லாமல் கல்லை அடுக்கிக் கட்டிய படிவயல்கள். மானாவாரியில் ஒலிவமும் திராட்சையும், ஊற்றுத் தண்ணீர் பாய்கிற இடத்தில் காய்கறியும் விளைகின்றன. பத்தீர் கத்தரிக்காய்க்கு அந்த வட்டாரத்தில் தனி மவுசு.

ஊற்று நீர் ரோமர் காலத்துக் குளம் ஒன்றில் சேர்ந்து, வாய்க்கால் வழியே வயலுக்குப் போகிறது. ஊரின் எட்டு பெரிய குடும்பங்களுக்கும் ஆளுக்கொரு நாள் முறை. அதனால்தான் பத்தீரில் வாரத்துக்கு எட்டு நாள் என்பார்கள். குளத்தில் கோல் விட்டு ஆழம் பார்த்துப் பங்கு பிரிக்கிற வழக்கமும் உண்டு.

பழைய கதைக்கும் பஞ்சமில்லை. கி.பி. 135-இல் ரோமருக்கு எதிரான பார் கோக்பாவின் யூதக் கிளர்ச்சி முடிந்த பேத்தார் கோட்டை இதுதான் என்பார்கள். ஆனால் ஊரின் தலைவிதியை எழுதியது ரயில்தான். 1892-இல் ஒட்டோமான் ஆட்சியில் திறந்த யாஃபா–ஜெருசலேம் பாதை இந்தப் பள்ளத்தாக்கு வழியாகப் போனது, பத்தீரில் ஒரு நிலையமும் இருந்தது.

1948 அரபு–இஸ்ரேல் போரில் ஊரில் பெரும்பாலோர் ஓடிவிட்டார்கள். ஹசன் முஸ்தஃபா என்பவரும் இன்னும் சிலரும் மட்டும் தங்கி, வீடுகளில் விளக்கேற்றி, கொடியில் துணி காயப்போட்டு, ஆள் இருப்பதுபோல் காட்டினார்களாம். 1949 போர்நிறுத்தக் கோடு ரயில் பாதையை இஸ்ரேலிடம் விட்டது. அப்போது ஓர் ஏற்பாடு: ரயிலுக்கு ஊர்க்காரர்கள் தொந்தரவு தரக் கூடாது, பதிலுக்கு, கோட்டுக்கு அந்தப் பக்கம் போன தங்கள் நிலத்தில் தொடர்ந்து பயிர் செய்யலாம். இரண்டு பக்கமும் சொல்லைக் காப்பாற்றின. அந்தப் பகுதியில் இது எவ்வளவு அபூர்வம் என்று சொல்லத் தேவையில்லை.

அப்புறம், மேற்குக் கரையைத் தன்னிடமிருந்து பிரிக்க இஸ்ரேல் எழுப்பும் சுவர் இந்தப் படிவயல்களுக்குக் குறுக்கே வரும் என்ற பேச்சு வந்தது. வழக்கு நடந்தபோது இஸ்ரேலின் இயற்கை, பூங்கா ஆணையமே சுவரை எதிர்த்தது. 2014-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும், கூடவே ஆபத்தில் உள்ளவற்றின் பட்டியலிலும் பத்தீரைச் சேர்த்தது. 2015-இல் சுவர்த் திட்டம் கிடப்பில் போனது. ஆனால் 2024-இல் இதே நிலப்பரப்பில் நஹால் ஹெலெட்ஸ் என்ற புதிய யூதக் குடியேற்றத்துக்கு இஸ்ரேல் அரசு அனுமதி கொடுத்திருக்கிறது. சுவரைவிட இதுதான் பெரிய தலைவலி என்பது என் எண்ணம்.