மரு எடுக்க மரத்துப்போகும் க்ரீம் போதுமா, ஊசி வேண்டுமா?

கேள்வி: 76 வயதான அப்பாவுக்குக் கழுத்தில் தொங்கும் சின்ன மருக்களை எடுக்கப்போகிறார்கள். ஊசி என்றாலே பயப்படுகிறார். மரத்துப்போகச் செய்யும் க்ரீம் மட்டும் போதுமா? இந்த வயதில் ஆபத்தில்லையா?

பதில்: தோல் சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். காம்பு மெலிந்த சின்ன மருக்கள் என்றால் பெரும்பாலும் க்ரீமே போதும். அடி அகலமாக இருந்தாலோ, பயாப்ஸிக்கு, அதாவது ஆய்வகச் சோதனைக்கு, தோலை ஆழமாக எடுப்பதாக இருந்தாலோ ஊசியும் தேவைப்படும். அப்போதும் க்ரீம் வீணில்லை, ஊசி குத்துவதே அவ்வளவாகத் தெரியாது.

பலருக்கு க்ரீம் வேலை செய்யாமல் போவதற்குக் காரணம் அவசரம்தான். வழக்கமாகப் பயன்படுத்துவது லிடோகெய்ன், பிரிலோகெய்ன் இரண்டும் 2.5 சதவீதம் கலந்த க்ரீம். அதைத் தேய்க்கக் கூடாது. கெட்டியாக வைத்து, மேலே காற்றுப் புகாத மெல்லிய படலம் ஒட்டி, குறைந்தது 1 மணி நேரம் விட வேண்டும். அதற்குள் சுமார் 3 மில்லிமீட்டர் ஆழம் மரக்கும், 2 மணி நேரம் விட்டால் 5 மில்லிமீட்டர் வரை. இடம் வெளுத்தோ சிவந்தோ போனால் பயப்பட வேண்டாம், அது சகஜம். வலி போனாலும் இழுப்பதும் அழுத்துவதும் தெரியும். இதை அப்பாவிடம் முன்பே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் தொட்டதுமே "மரக்கவில்லை" என்று பதறுவார்.

வயதானவர்களிடம் நான் அதிகம் கவலைப்படுவது மருந்தைப் பற்றி அல்ல, மேலே ஒட்டும் பிளாஸ்திரியைப் பற்றி. வயதான தோல் மெலிந்திருக்கும், பல வருடம் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கு இன்னும் மோசம். படலத்தை வெடுக்கென்று பிய்த்தால் தோலும் கூடவே உரிந்து வரும். மரு எடுத்த காயத்தைவிட அது ஆற நாளாகும்! ஓரத்தை நனைத்து, தோலை ஒரு விரலால் அழுத்திப் பிடித்தபடி மெதுவாக எடுக்கச் சொல்லுங்கள்.

ஆபத்து என்று பார்த்தால், வயதைவிடப் பூசும் பரப்புதான் முக்கியம். லேசர் சிகிச்சைக்குப் போகும் முன் கால்கள் முழுக்க வீரியமான மரப்பு மருந்தைப் பூசி மூடிவைத்த இளம்பெண்கள் இருவர் இறந்ததைக் குறிப்பிட்டு, 2007-இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ எச்சரித்தது. கழுத்தில் சில மருக்களுக்கு வைக்கும் அளவு அதன் பக்கத்தில்கூட வராது. ஆனாலும் வீட்டிலேயே அதிகமாகப் பூசிக்கொண்டு கிளம்ப வேண்டாம். புண்ணான தோலில் மருந்து வேகமாக உள்ளே போகும், கண்ணில் படவே கூடாது.

அப்புறம், அவர் சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் எடுத்துப் போய்க் காட்டுங்கள். இதயத் துடிப்பைச் சீராக்கும் அமியோடரோன் போன்றவை, தொழுநோய்க்குத் தரும் டாப்சோன், கிருமித் தொற்றுக்குத் தரும் சல்ஃபா மருந்துகள் இருந்தால் மருத்துவர் யோசிப்பார். ஜி6பிடி குறைபாடு (ரத்தச் சிவப்பணுக்களில் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது), கல்லீரல் கோளாறு இருந்தாலும் சொல்ல வேண்டும். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுக்கிறார் என்றால் அதையும் சொல்லுங்கள். க்ரீமுக்காக அல்ல, மரு எடுத்த பிறகு ரத்தம் கசியலாம் என்பதற்காக. நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள்.