நீரில் விழுந்த மரமும் 3/15 என்ற எண்ணும்

ஏரிப் படங்கள் எடுப்பதும் அவற்றை நானே பிரிண்ட் போடுவதும்தான் பெங்களூரில் என் வேலை. நம் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

சாங்கி ஏரியில் மரங்கள் தலைகீழாகத் தெரியும் லிமிடெட் எடிஷன் படம் ஒன்று பார்த்தேன் சார். கீழே பென்சிலில் 3/15 என்று இருக்கிறது. மூன்றாவது என்பதால் மதிப்பு கூடுமா? (அல்சூர்)

மொத்தம் 15 பிரதிதான் போடுவேன் என்று எடுத்தவர் கொடுத்த வாக்கு அது. உங்களுடையது அதில் மூன்றாவது. இங்க்ஜெட் பிரிண்டில் மூன்றாவதும் பதினாலாவதும் ஒன்றுதான், அந்த வரிசைக்காகக் கூடுதல் காசு தர வேண்டாம். கேட்க வேண்டியது வேறு. 15 என்பது இந்த ஒரு அளவுக்கா, எல்லா அளவுக்கும் சேர்த்தா? இதைத் தவிர ஆர்ட்டிஸ்ட் ப்ரூஃப், அதாவது எண்ணிக்கையில் சேராமல் எடுத்தவர் தனக்கென்று வைத்துக்கொள்ளும் பிரதி, எத்தனை? பத்துதான் என்று நம்பி நான் ஒரு படம் வாங்கினேன். கொஞ்ச நாளில் அதே படம் பெரிய அளவில் இன்னொரு எடிஷனாக வந்து நின்றது. மனசு விட்டுப்போனது. படத்தோடு தரும் சான்றிதழில் இதையெல்லாம் எழுதி வாங்கிவிடுங்கள்.

டிஜிட்டலில் ஆயிரம் கூடப் போடலாமே, 15-ல் நிறுத்துவது செயற்கை இல்லையா அண்ணா? (ஜெயநகர்)

செயற்கைதான். அதனால்தான் அந்த வாக்கைக் காப்பாற்றுவது முக்கியம் என்கிறேன். அமெரிக்கப் புகைப்படக்காரர் எட்வர்ட் ஸ்டைக்கன் 1904-ல் நியூயார்க் அருகே எடுத்த குளத்துப் படத்தைப் பாருங்கள். மரங்களுக்கு நடுவே நிலா, கீழே நீரில் அதன் ஒளி. இன்று தெரிந்தவரை மூன்றே பிரதிகள். கையால் நிறம் ஏற்றியதால் ஒன்று போல் இன்னொன்று இல்லை. 2006-ல் ஒரு பிரதி 29 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. ஆனால் இன்னொரு அமெரிக்கப் புகைப்படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் 1941-ல் எடுத்த நிலவுப் படத்தை 1,300 தடவைக்கு மேல் பிரிண்ட் போட்டார், அதற்கும் மவுசு குறையவில்லை. படம் நன்றாக இல்லையென்றால் எண் காப்பாற்றாது.

நான் எடுத்தால் பிம்பம் மங்கலாகவே வருகிறது. (பிரேசர் டவுன்)

ஃபோகஸை நீரின் மேல் வைக்கிறீர்கள். பிம்பம் அங்கே இல்லை! உங்களிடமிருந்து நீர்வரை உள்ள தூரத்தோடு நீரிலிருந்து மரம்வரை உள்ள தூரத்தையும் கூட்டுங்கள், அங்கேதான் ஃபோகஸ். அப்புறம், கேமராவைத் தாழ்த்துங்கள். நேர் மேலிருந்து பார்த்தால் நீர் சுமார் 2 சதவீத வெளிச்சத்தைத்தான் திருப்பி அனுப்பும், சாய்வாகப் பார்க்கப் பார்க்க அது கூடும். போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்க லென்ஸில் மாட்டும் ஃபில்டர்) மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள், திருப்புகிற திருப்பில் பிம்பமே காணாமல் போகலாம். காற்று எழுவதற்கு முன், விடிகாலையில் போய்விடுங்கள்.

வாங்கிய படத்தைக் கம்பெனி காலண்டரில் போடலாமா? (ஒயிட்ஃபீல்டு)

கூடாது. வாங்கியது பிரதியை மட்டும், பதிப்புரிமை எடுத்தவரிடமே இருக்கிறது. கேட்டு, எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

பிரேம் போடும்போது என்ன கவனிக்கணும்? (அல்சூர், மறுபடியும்)

கண்ணாடி படத்தைத் தொடக் கூடாது. நம்ம ஊர் மழைக்கால ஈரத்தில் ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. நடுவில் அமிலமில்லாத மவுண்ட் போர்டு (தடித்த அட்டை) வைக்கச் சொல்லுங்கள். வெயில் விழும் சுவர் வேண்டாம். ஜன்னலுக்கு எதிர்ச்சுவரும் வேண்டாம்: ஏரியின் பிம்பத்தைப் பார்க்க நின்றால், கண்ணாடியில் உங்கள் வீட்டு ஜன்னல்தான் தெரியும்.