கேள்வி கேட்ட கிழவர்

அன்புள்ள சார்,

உசிலம்பட்டிப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். என் மகன் படித்து முடித்த காமிக்ஸ் புத்தகங்களை வகுப்பறை அலமாரியில் கொண்டுபோய் வைத்தேன். பெரும்பாலும் லயன், முத்து காமிக்ஸ். ஆங்கில சூப்பர் ஹீரோ புத்தகங்களும் கொஞ்சம் உண்டு. பாடப்புத்தகத்தைத் தொடாத பையன்கள்கூட மதியச் சாப்பாடு முடிந்ததும் அதை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இப்போது எல்லாப் பக்கமிருந்தும் எனக்குத் திட்டு விழுகிறது. உடன் வேலை பார்க்கும் ஆசிரியர் ஒருவர், "சூப்பர் ஹீரோ கதையிலகூட இப்பல்லாம் அரசியலக் கொண்டாந்துட்டாங்க டீச்சர். நம்ம ஊர்ல இருக்கிறது பத்தாதா? பசங்க மனசுல எதுக்கு அதையும் ஏத்துறீங்க?" என்கிறார். இயக்க வேலைகளில் இருக்கும் என் தோழி நேர் எதிராகப் பேசுகிறாள். "ஒருத்தன் பறந்து வந்து எல்லாரையும் காப்பாத்துவான்னு பிள்ளைகளை நம்ப வைக்கிறதுதாண்டி ஆபத்தான அரசியல்" என்கிறாள். தமிழாசிரியரோ, "கண்ணகியை விடவா உங்க சூப்பர் ஹீரோ?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

இந்த முகமூடிக் கதைகளால் சமூக நீதியைப் பேச முடியுமா? அலமாரியை என்ன செய்வது?

ஆர்.,
உசிலம்பட்டி

அன்புள்ள ஆர்,

அலமாரி அங்கேயே இருக்கட்டும்.

முதலில் உங்கள் சக ஆசிரியர். சூப்பர் ஹீரோ கதைக்குள் அரசியல் பிறகு வந்து புகுந்தது என்று அவர் நினைக்கிறார். அந்தக் கதைகள் பிறந்ததே அரசியலோடுதான். 1938 ஜூன் தேதியிட்ட 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் சூப்பர்மேன் அறிமுகமாகிறான். எழுதியவர் ஜெர்ரி சீகல், வரைந்தவர் ஜோ ஷஸ்டர். இருவரும் கிளீவ்லேண்ட் நகரத்தின் யூதக் குடியேறிகள் வீட்டுப் பிள்ளைகள். பொருளாதார மந்தத்தில் வேலையில்லாத மனிதர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள். அந்த முதல் கதையில் வேற்றுக்கிரகத்து அரக்கன் யாரும் இல்லை. செய்யாத கொலைக்காக மரண தண்டனைக்குப் போகவிருக்கும் பெண்ணைக் காப்பாற்ற சூப்பர்மேன் ராத்திரியில் கவர்னர் வீட்டுக் கதவை உடைக்கிறான். மனைவியை அடிக்கும் ஒருவனைப் பிடித்துச் சுவரில் எறிகிறான். அரசியல்வாதியை விலைக்கு வாங்கும் தரகனைத் துரத்துகிறான்.

அதே ஆண்டு மூன்றாம் இதழில் வந்த கதையைத்தான் உங்கள் பையன்களுக்குச் சொல்ல வேண்டும் என்பேன். ஒரு சுரங்கம் இடிந்து தொழிலாளி முடமாகிறான். பாதுகாப்புக்குப் பணம் செலவழிக்க முதலாளிக்கு மனமில்லை. சூப்பர்மேன் அவனை அடிப்பதில்லை. தொழிலாளி வேடத்தில் போய், விருந்துக்கு வந்த பணக்காரர்களோடு சேர்த்து முதலாளியையும் சுரங்கத்துக்குள் இறங்க வைத்து, வழியை அடைத்துவிடுகிறான். அபாய மணி வேலை செய்யவில்லை. மண்வெட்டியைப் பிடித்துத் தோண்ட வேண்டிய நிலைமை அந்தப் பெரிய மனிதர்களுக்கு. ஒரு முதலாளியின் உடம்பைத் தொழிலாளியின் இடத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்ப்பதைவிட நேரடியான அரசியல் என்ன இருக்கிறது? அந்தக் கதை வந்து எண்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.

(அந்த சீகலும் ஷஸ்டரும் சூப்பர்மேனின் முழு உரிமையை 130 டாலருக்கு விற்றுவிட்டார்கள். ஓய்வூதியமும், படைத்தவர்கள் என்று பெயர் போடும் மரியாதையும் கிடைக்க 1975 வரை போராட வேண்டியிருந்தது. நம் லயன் காமிக்ஸ் வாசகர்கள் கொண்டாடும் குற்றச் சக்கரவர்த்தி ஸ்பைடர், பிரிட்டிஷ் காமிக்ஸிலிருந்து வந்தவன். அவனுக்கும் நிறையக் கதைகள் எழுதியவர் இதே சீகல்தான். சிவகாசியில் அச்சாகி நம் பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய அந்தப் புத்தகங்களுக்கும் 1938க்கும் இப்படி ஒரு சொந்தம் உண்டு.)

பிறகு அரசியல் எங்கே போனது? எடுத்துவிட்டார்கள். காமிக்ஸ் படித்துத்தான் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று அமெரிக்காவில் பெரிய கூச்சல் எழுந்து, 1954இல் பதிப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு தணிக்கை விதித்தொகுப்பை வகுத்துக்கொண்டார்கள். போலீஸ்காரர், நீதிபதி, அரசு அதிகாரி ஆகியோர் மீது மரியாதை குறையும்படி எதையும் காட்டக் கூடாது என்பது அதில் ஒரு விதி. கவர்னர் வீட்டுக் கதவை உடைத்த சூப்பர்மேனுக்கு அதில் இடமே இல்லை. உங்கள் சக ஆசிரியர் 'அரசியல் இல்லாத பழைய காமிக்ஸ்' என்று நினைவில் வைத்திருப்பது இந்தத் தணிக்கைக் காலத்துச் சரக்கு. அதிகாரியை எதிர்த்துப் பேசாதே என்பதும் ஓர் அரசியல்தான். அது சத்தம் போடாமல் நடந்ததால் அவர் கண்ணில் படவில்லை.

அந்தத் தணிக்கை எதைக் கண்டு பயந்தது என்பதற்கு ஓர் உதாரணம். சூப்பர் ஹீரோ கதை இல்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். 1953இல் ஈ.சி. காமிக்ஸ் வெளியிட்ட 'ஜட்ஜ்மென்ட் டே'. ரோபோக்கள் மட்டுமே வாழும் கிரகம். ஆரஞ்சு ரோபோக்களும் நீல ரோபோக்களும் உள்ளே ஒரே பாகங்களால் ஆனவை. மேலே உறைதான் வேறு. நீலத்துக்குத் தனிக் குடியிருப்பு, தாழ்ந்த வேலை, பேருந்தில் பின்பக்கம். பூமியிலிருந்து சோதிக்க வந்த அதிகாரி, "நீங்கள் இன்னும் தயாராகவில்லை" என்று சொல்லிவிட்டுத் திரும்புகிறார். கடைசிக் கட்டத்தில் தலைக்கவசத்தைக் கழற்றுகிறார். அவர் கறுப்பர். 1956இல் அதை மறுபதிப்புச் செய்யப் போனபோது, அவர் கறுப்பராக இருக்கக் கூடாது என்று தணிக்கைக்காரர்கள் சொன்னார்கள். பதிப்பாளர் வில்லியம் கெய்ன்ஸ் சண்டை போட்டு அப்படியே வெளியிட்டார். டீக்கடை இரட்டைக் குவளையைப் பற்றிக் கேள்விப்பட்ட பிள்ளைக்கு இந்தக் கதைக்கு உரை தேவையில்லை.

இனி உங்கள் தோழி. அவர் சொல்வதில்தான் சரக்கு இருக்கிறது.

சூப்பர்மேனே அதற்குச் சாட்சி. எட்டாம் இதழில் அவன் ஒரு சேரியைப் பார்க்கிறான். புயல் அழித்த ஊருக்கு அரசு புது வீடு கட்டித் தருகிறது என்று செய்தித்தாளில் படித்ததும், குடியிருப்பவர்களை வெளியேறச் சொல்லிவிட்டு அத்தனை வீட்டையும் தானே இடித்துத் தள்ளுகிறான். அரசு அங்கே நல்ல அடுக்குமாடிகள் கட்டுவதாகக் கதை முடிகிறது. வீடு இடிபட்டு நகரத்துக்கு வெளியே கொண்டுபோய் விடப்பட்ட குடும்பங்களைத் தெரிந்த யாராலும் இதை நிம்மதியாகப் படிக்க முடியாது. இடிப்பதற்கு முன் அங்கே இருந்த ஒருவரிடமும் அவன் யோசனை கேட்கவில்லை. நல்ல மனசுதான், பலமும் உண்டு. யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற நினைப்பும் கூடவே வருகிறது.

நம் பக்கத்துக்கு வருவோம். உத்தப்புரம் உங்களுக்குத் தூரமில்லை. தலித் மக்கள் குடியிருப்பை மறித்து நின்ற சுவரில் ஒரு பகுதியை 2008 மே 6 அன்று மாவட்ட நிர்வாகம் இடித்தது. காமிக்ஸில் அது ஒரே ஒரு கட்டம், ஒரு 'டமார்'. இங்கே சுவர் இடிந்த பிறகுதான் கதையே ஆரம்பித்தது. எதிர்த்தரப்பினர் ஊரைக் காலி செய்துவிட்டு மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்தார்கள். திறந்த வழியில் பயமில்லாமல் நடப்பதும், கோயிலுக்குள் போவதும் அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் பேசிப் பேசி நகர்ந்தவை.

அதைவிடக் கடினமானது பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம். ஊராட்சித் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்ட 1996இலிருந்து பத்து ஆண்டு அங்கே தேர்தல் ஒழுங்காக நடக்கவில்லை. வேட்புமனு போட ஆள் வராது. வந்து ஜெயித்தாலும் கையோடு ராஜினாமா. 2006இல்தான் நிலைமை மாறியது. அந்தப் பத்து வருஷத்தில் ஒரு சூப்பர் ஹீரோ பாப்பாபட்டியில் இறங்கியிருந்தால் யாரைக் குத்தியிருப்பான்? ஒரு வில்லன் கையில் இருந்த விஷயமா அது? ஊரே சேர்ந்து வாயை மூடிக்கொண்டிருப்பதை எந்த முஷ்டியாலும் உடைக்க முடியாது. மேலூர்ப் பகுதி டங்ஸ்டன் சுரங்க ஏலத்தையும் யாரும் பறந்து வந்து நிறுத்தவில்லை. 2025 ஜனவரி 7 அன்று அந்த ஊர்க்காரர்கள் மதுரையை நோக்கித் திரண்டு வந்தார்கள். அந்த மாதமே ஏலம் ரத்தானது.

ஆகவே உங்கள் தோழி சொல்வது சரி. ஆனால் அதை அவருக்கு முன்பே சொன்ன ஒரு சூப்பர் ஹீரோ காமிக்ஸ் உண்டு.

1970 ஏப்ரல் தேதியிட்ட 'கிரீன் லாண்டர்ன்' 76ஆம் இதழ். எழுதியவர் டென்னிஸ் ஓ'நீல், வரைந்தவர் நீல் ஆடம்ஸ். பச்சை மோதிரத்தின் சக்தியால் விண்வெளியெங்கும் காவல் காக்கும் கிரீன் லாண்டர்ன், தெருவில் ஓர் இளைஞன் கோட் சூட் போட்டவரைப் பிடித்துத் தள்ளுவதைப் பார்த்து இளைஞனை அடக்குகிறான். ஜனங்கள் அவன் மீது குப்பையை வீசுகிறார்கள். பிறகுதான் தெரிகிறது, கோட் சூட்காரர் அந்தக் குடியிருப்பின் சொந்தக்காரர். இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் கட்டப்போகிறார். சட்டம் அவர் பக்கம். அந்த இடத்தில் ஒரு கறுப்பினக் கிழவர் முன்னால் வருகிறார். நீலத் தோல்காரர்களுக்காக உழைத்தாயாமே, வேறு கிரகத்தில் ஆரஞ்சுத் தோல்காரர்களுக்கு உதவினாயாமே, ஊதாத் தோல்காரர்களுக்கும் செய்தாயாமே, கறுப்புத் தோல்காரர்களுக்கு மட்டும் ஏன் எதுவும் செய்யவில்லை, பதில் சொல் என்கிறார். கிரீன் லாண்டர்ன் தலையைக் குனிகிறான். பதில் சொல்ல அவனால் முடியவில்லை.

சூப்பர் ஹீரோ காமிக்ஸ் மொத்தத்திலும் எனக்குப் பிடித்த பாத்திரம் அந்தக் கிழவர்தான். அவருக்குப் பெயர்கூட இல்லை. சக்தி இல்லை, முகமூடி இல்லை, உடம்பில் தெம்பும் இல்லை. அவர் கேட்டதும் உலகத்தைக் காப்பவன் நிற்கிறான். சமூக நீதிக் கதை என்று நான் எதைச் சொல்வேன் என்றால் இதைத்தான். நாயகன் யாரை அடிக்கிறான் என்பது எனக்கு இரண்டாம்பட்சம். அவனை நிறுத்திக் கேள்வி கேட்க ஒரு சாதாரண மனிதருக்கு அந்தக் கதையில் இடமிருக்கிறதா என்று பார்ப்பேன். அந்த இடம் இல்லையென்றால், நாயகன் எத்தனை நல்ல விஷயத்துக்காகச் சண்டை போட்டாலும் அது வேறு ஒரு ராஜா கதை.

அந்த இதழின் முடிவு எனக்குத் திருப்தி இல்லை. கடைசியில் வீட்டுச் சொந்தக்காரர் ஒரு கொலை முயற்சியில் மாட்டிக்கொள்கிறார். சட்டப்படியே ஜனங்களைத் தெருவில் நிறுத்தலாம் என்ற அந்தப் பெரிய அநியாயம் அப்படியே நழுவிப் போய்விடுகிறது. ஆனாலும் கிழவரின் கேள்வியை அழிக்க முடியாது. அதற்குப் பிறகு வந்த பலரும் அதைச் சுமந்துதான் எழுதினார்கள்.

எக்ஸ்‌-மென் பற்றியும் கேட்பார்கள், அதனால் சுருக்கமாக. பிறவியிலேயே வேறாக இருப்பதால் வெறுக்கப்படுகிறவர்கள் என்ற அதன் கரு 1963 முதல் கோடிக்கணக்கான பிள்ளைகளைத் தொட்டிருக்கிறது. ஒரு கோளாறும் உண்டு. அந்தக் கதையில் வரும் மாற்றுப்பிறவிகள் கண்ணால் சுவரை உடைக்கக் கூடியவர்கள். அவர்களைப் பார்த்துப் பயப்படுவதற்குக் கொஞ்சமாவது காரணம் இருக்கிறது. குளத்தில் தண்ணீர் எடுக்க வந்தவரை அடித்து விரட்டியதற்கு அப்படி என்ன காரணம் இருந்தது? உங்கள் வகுப்பில் இதைப் பேசினால் நல்ல விவாதம் நடக்கும். உருவகத்துக்குள் ஒளியாமல் நேராகவே பேசிய கதையும் இருக்கிறது. 2014இல் தனிப் புத்தகமாக வந்த 'மிஸ். மார்வெல்' நாயகி கமலா கான், ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண். பள்ளிக்கூடம், அம்மா அப்பாவின் கண்டிப்பு, தொழுகை எல்லாம் கதைக்குள்ளேயே இருக்கிறது. உங்கள் மாணவிகளுக்கு அவளை மிகவும் பிடிக்கும்.

நம் அலமாரிப் புத்தகங்களையும் இதே கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். முகமூடி வேதாளர் தலைமுறை தலைமுறையாகக் காட்டு மக்களைக் காக்கிறார். அவர்களில் ஒருவர் ஏன் ஒருநாளும் அந்த மண்டையோட்டுச் சிம்மாசனத்தில் உட்காரவில்லை? இரவுக் கழுகார் டெக்ஸ் வில்லரும் வெள்ளைக்காரர்தான், அமெரிக்கப் பழங்குடிகளான நவஹோக்களின் தலைவராகவும் இருக்கிறார். ஆனால் அவர் ராணுவ அதிகாரியையும் அரசாங்க ஏஜென்டையும் எதிர்த்து அந்த மக்கள் பக்கம் நிற்கிறார். இந்த இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசத்தை ஒன்பதாம் வகுப்புப் பையன் கண்டுபிடித்துவிடுவான். நான் அந்த வயதில் இருவரையும் ஒரே மூச்சில் படித்தவன். எங்களிடம் இப்படி யாரும் கேட்கவில்லை.

தமிழாசிரியர் ஐயாவிடம் என் வணக்கத்தைச் சொல்லுங்கள். கண்ணகியை அவர் சரியாகத்தான் இழுத்தார். மதுரையை எரித்ததை மட்டும் வைத்து அவளை சூப்பர் ஹீரோ ஆக்குவதில் எனக்குச் சம்மதமில்லை. தீ வைப்பதற்கு முன்னால் அவள் அரசவையில் நின்று சாட்சி காட்டினாள். தேவியின் சிலம்பில் முத்து என்று பாண்டியன் சொல்ல, என் சிலம்பில் மாணிக்கம் என்று உடைத்துக் காட்டினாள். அப்போது அவளிடம் எந்தச் சக்தியும் இல்லை. ஊருக்குப் புதிதாக வந்த, புருஷனைப் பறிகொடுத்த ஒரு பெண். பாண்டியன் விழுந்தது நெருப்பில் அல்ல, அந்த மாணிக்கத்தைப் பார்த்து. அந்தக் கிழவரும் அவளும் ஒரே ஆள் என்று நான் நினைக்கிறேன்.

உங்கள் வகுப்பில் சுவரின் இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் உட்கார்ந்திருப்பார்கள். ஊர்ப்பெயரும் சாதிப்பெயரும் சொல்லி ஆரம்பித்தால் பாதிப் பேர் காதை மூடிக்கொள்வார்கள், வீட்டிலிருந்து யாராவது தேடிக்கொண்டும் வருவார்கள். நீல ரோபோவும் பச்சை மோதிரமும் அந்த இடத்தில் உதவும். அதோடு நிறுத்திவிடவும் கூடாது. ரோபோவுக்காகக் கண்ணீர் விட்டுவிட்டுப் பக்கத்துத் தெருப் பையனோடு தட்டை மாற்றிக்கொள்ளாமல் எழுந்து போவது நடக்கக் கூடியதுதான்.

இப்படிச் செய்து பாருங்கள். அந்த 1970ஆம் வருஷக் கதையை வாயால் சொல்லுங்கள். ஒரு தாளில் ஆறு கட்டம் போட்டுக் கொடுங்கள். ஐந்தில் கதையைப் பிள்ளைகளே வரையட்டும், தெரு அவர்கள் ஊர்த் தெருவாகவே இருக்கட்டும். கேள்வி கேட்பவர் யார், அவர் என்ன கேட்கிறார் என்பதையும் அவர்களே முடிவு செய்யட்டும். ஆறாவது கட்டத்தில் நாயகன் என்ன பதில் சொல்கிறான் என்று எழுதச் சொல்லுங்கள். உங்கள் தோழியையும் அன்றைக்குக் கூப்பிடுங்கள். பிள்ளைகளுக்கும் வீட்டாருக்கும் சம்மதமென்றால், பெயர் இல்லாமல் எனக்கு அனுப்புங்கள். இந்தத் தளத்தில் வெளியிடுகிறேன்.