கண்காணிப்புச் செலவை பட்ஜெட்டில் எந்தப் பக்கத்தில் தேடுவது?

கேள்வி: அரசு உதவிபெறும் கல்லூரியில் இணைப் பேராசிரியராக இருக்கிறேன். தமிழ்நாட்டு மாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் செனட்டுக்குப் புதிதாகத் தேர்வாகியிருக்கிறேன். பட்ஜெட் கூட்டத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது. "அரசின் கெடுபிடியால்தான் இந்த நிதி நெருக்கடி" என்கிறது நிர்வாகம். "கேட்பாரில்லாமல் செலவழித்ததன் பலன்" என்கிறார்கள் அதிகாரிகள். அரசுக் கண்காணிப்புக்கு உண்மையில் என்ன செலவாகிறது? அதை எங்கே பார்ப்பது, கூட்டத்தில் என்ன கேட்பது?

பதில்: பட்ஜெட் புத்தகத்தை எத்தனை முறை புரட்டினாலும் கண்காணிப்புச் செலவு என்று ஒரு தலைப்பு அகப்படாது. கொஞ்சம் நாலைந்து தலைப்புகளில் சிதறிக் கிடக்கும். பெரும்பகுதி, வராமல் போன பணமாகவும் தள்ளிப்போன வேலையாகவும் இருப்பதால் புத்தகத்திலேயே ஏறாது. இரு தரப்பும் சொல்வதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று பிரித்துப் பார்க்கப் பன்னிரண்டு நாள் தாராளம்.

கண்ணுக்குத் தெரிகிற செலவை முதலில் முடித்துவிடலாம். மாநிலப் பல்கலைக்கழகங்களின் கணக்கைத் தணிக்கை செய்வது நிதித் துறையின் கீழுள்ள உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை. 2014-இல் அதற்கென்று தனிச் சட்டமே வந்தது. தணிக்கைக் கட்டணம் பல்கலைக்கழகத்தின் தலையில். அந்தத் தலைப்பில் இந்த ஆண்டுத் தொகையை மட்டும் பார்க்காமல், முந்தைய ஆண்டுகளின் நிலுவை எவ்வளவு என்றும் கேளுங்கள். அடுத்தது சட்டச் செலவு. அதற்கடுத்தது கூட்டப்படி, பயணப்படி. உயர்கல்விச் செயலர், நிதிச் செயலர் போன்றோர் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக் குழுவான சிண்டிகேட்டிலும் நிதிக் குழுவிலும் பதவி வழி உறுப்பினர்கள். அவர்கள் வசதிக்காக வெளியூர்ப் பல்கலைக்கழகத்தின் கூட்டம் சென்னைக்கு மாறினால் ரயிலும் காரும் தங்குமிடமும் பல்கலைக்கழகக் கணக்கில்தான். எரிச்சல் தரும் செலவு என்றாலும் மொத்த பட்ஜெட்டில் இது கொசுறு. கூட்டத்தில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தை இதில் கரைக்க வேண்டாம்.

இன்னொரு தணிக்கையும் உண்டு. தலைமைத் தணிக்கையாளரின் அதிகாரங்கள் பற்றிய 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 14-ஆம் பிரிவுப்படி, அரசு மானியமும் கடனும் ஓர் ஆண்டில் 25 லட்சத்துக்குக் குறையாமலும் மொத்தச் செலவில் 75 சதவீதத்துக்குக் குறையாமலும் இருந்தால் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் கணக்கைப் பார்க்கலாம். ஒரு கோடிக்குக் குறையாமல் இருந்தால், ஆளுநரின் முன் ஒப்புதலோடு, சதவீதம் எதுவானாலும் பார்க்கலாம். வருமான வரிக்காகப் பட்டயக் கணக்காளர் தணிக்கை தனி. மத்திய நிதி வந்த திட்டங்களுக்குப் பயன்பாட்டுச் சான்று தனி. ஒரே வவுச்சரை நான்கு பேர் நான்கு சமயத்தில் கேட்பார்கள். அந்த உழைப்புக்கு யாரும் விலை போடுவதில்லை.

அந்த விலையைத் தெரிந்துகொள்ள ஒரே ஒரு பாராவை, அதாவது தணிக்கை அறிக்கையின் ஓர் ஆட்சேபணையை, எடுத்துப் பாருங்கள். தாவரவியல் துறை வாங்கிய நுண்ணோக்கி என்று வைத்துக்கொள்வோம். "இருப்புப் பதிவேட்டில் பதிவு காட்டப்படவில்லை, தொகை தடை செய்யப்படுகிறது" என்று தணிக்கை எழுதும். இதை நீக்கத் தேவையானவை கொள்முதல் ஆணை, விலைப்புள்ளி ஒப்பீட்டுப் பட்டியல், பணம் செலுத்திய ரசீது, பொருத்தியதற்கான சான்று, பதிவேட்டின் பக்க எண்ணோடு துறைத் தலைவர் சான்றொப்பமிட்ட நகல். ஐந்தே தாள். ஆனால் துறைத் தலைவர் மாறியிருப்பார், வாங்கியவர் ஓய்வு பெற்றிருப்பார், பதிவேடு வேறு கட்டடத்து பீரோவில் இருக்கும். கடைசியில் "குறிப்பு எடுத்துக்கொள்ளப்பட்டது, இனிவரும் காலங்களில் தவிர்க்கப்படும்" என்று ஒரு பதில் போகும். இந்தப் பதிலால் எந்தப் பாராவும் நீங்கியதில்லை. அது அடுத்த ஆண்டு அறிக்கையிலும் நிலுவைப் பட்டியலில் அப்படியே உட்கார்ந்திருக்கும். பாராக்கள் குவிவதற்கு மோசடியைவிட இந்தச் சோம்பல் பதில்களே பெரிய காரணம். தணிக்கைத் துறையும் நிர்வாகமும் எதிரெதிரே உட்கார்ந்து பாராக்களை முடிக்கும் கூட்டமர்வு கடைசியாக எப்போது நடந்தது, அதில் எத்தனை நீங்கின என்று கேட்டாலே நிர்வாகத்தின் லட்சணம் தெரிந்துவிடும்.

எல்லாப் பாராவும் இந்த நுண்ணோக்கி மாதிரி இல்லை. அனுமதிக்கப்பட்ட பணியிடத்துக்கு மேல் நியமனம், தவறாகக் கொடுத்த ஊதிய உயர்வு, சரிக்கட்டாத முன்பணம், டெண்டர் இல்லாமல் கொடுத்த வேலை ஆகியவை உண்மையான தடைகள். உதவிப் பேராசிரியர் நியமனத்துக்கு லஞ்சம் வாங்கியதாக 2018 பிப்ரவரியில் பாரதியார் பல்கலைக்கழகத்தின் அன்றைய துணைவேந்தரையே லஞ்ச ஒழிப்புத் துறை கைது செய்தது. கண்காணிப்பே வேண்டாம் என்று யாராவது பேசினால் அதை நினைவூட்டுங்கள்.

இனி பெரிய கணக்கு. தணிக்கைத் தடையைக் காரணம் காட்டி, ஆண்டுதோறும் மொத்தமாகத் தரும் தொகுப்பு மானியத்தில் ஒரு பகுதியை அரசு நிறுத்திவைக்கும். நிறுத்திய தொகைதான் இழப்பு என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பின்னால் வருமான வரி காத்திருக்கிறது.

அரசு நிதியால் கணிசமாக நடக்கும் பல்கலைக்கழகத்துக்கு, வருமான வரிச் சட்டம் 1961-இன் பத்தாம் பிரிவு 23சி உட்பிரிவில், தனியாக விண்ணப்பிக்காமலே விலக்கு உண்டு. "கணிசமாக" என்றால் எவ்வளவு என்பதை 2பிபிபி விதி சொல்கிறது: அந்த ஆண்டின் மொத்த வரவில் அரசு மானியம் 50 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். மனக்கணக்காகச் சொன்னால், மற்ற எல்லா வரவையும் கூட்டி வருவதைவிட மானியம் ஒரு ரூபாயாவது அதிகமாக இருக்க வேண்டும்.

கற்பனை எண்களில் பாருங்கள். மானியம் 126 கோடி. தேர்வுக் கட்டணம், தொலைநிலைக் கல்வி, கல்லூரிகளின் இணைப்புக் கட்டணம், வட்டி எல்லாம் சேர்த்து 114 கோடி. மொத்தம் 240 கோடியில் மானியம் 52.5 சதவீதம், விலக்கு உண்டு. தணிக்கைத் தடைக்காக 18 கோடியை நிறுத்துகிறார்கள். மானியம் 108, மொத்தம் 222, சதவீதம் 48.6. விலக்கு போயிற்று. அரசு கையை இறுக்கியது 18 கோடிக்குத்தான். 50 சதவீதம் என்ற கோட்டிலிருந்து சரிய 12 கோடியே போதுமாக இருந்தது. அந்த ஆண்டின் உபரிக்கு வரி வரும். விலக்கு இருந்தால் கட்டடம், கருவி போன்ற மூலதனச் செலவு கேள்விக்கு உள்ளாகாது. விலக்கு போனபின் அதை வருவாயிலிருந்து முழுதாகக் கழிக்க விடமாட்டார்கள். எனவே கையில் காசே இல்லாத ஆண்டிலும் ஏட்டில் உபரி தெரியும். இரண்டு ஆண்டு கழித்து நிறுத்திய மானியத்தை விடுவித்தாலும் அது வரவாகப் பதிவான ஆண்டின் கணக்கில்தான் சேரும், தவறிய ஆண்டைக் காப்பாற்றாது. "சொந்த வருவாயைப் பெருக்குங்கள்" என்று அரசே சொல்லும் அறிவுரையும் இதே கோட்டை நோக்கித்தான் தள்ளுகிறது.

சென்னைப் பல்கலைக்கழகத்தில் நடந்தது இதுதான். மானியம் பாதிக்குக் கீழே இறங்கிய ஆண்டுகளுக்கு வருமான வரித் துறை 424 கோடி ரூபாய் கேட்டது. 2024 பிப்ரவரியில் வங்கிக் கணக்குகளை முடக்கியது. ஒரு மாநில அரசின் சிக்கனம், அந்த மாநிலத்தின் 1857-இல் பிறந்த பல்கலைக்கழகத்தை மத்திய அரசின் வரி பாக்கிக்காரராக ஆக்கிவிட்டது.

தற்காப்பு இருக்கிறது. மானியச் சதவீதத்தை நம்பியிராமல், அறநிறுவனங்களுக்கு விலக்கு தரும் அதே வருமான வரிச் சட்டத்தின் 12ஏபி பிரிவில் பதிவு வைத்துக்கொள்வது. அதில் வரவில் 85 சதவீதத்தைக் கல்வி நோக்கத்துக்கே செலவிட வேண்டும், மிச்ச 15 சதவீதத்தை நிபந்தனையின்றிச் சேர்த்துவைக்கலாம். வருமானம் 5 கோடியைத் தாண்டும் நிறுவனம் 10பி படிவத்தில் தணிக்கை அறிக்கையை, கணக்குத் தாக்கலுக்கு ஒரு மாதம் முன்பே, வழக்கமாக செப்டம்பர் 30-க்குள், ஏற்ற வேண்டும். பதிவு இருந்தும் இந்த ஒரு தேதியைத் தவறவிட்டு விலக்கை இழந்தவர்கள் உண்டு. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் வேறு. பழைய ஆண்டுகளின் வழக்குக்குப் பழைய எண்களே.

அடுத்தது காலி நாற்காலியின் விலை. பாரதியார் பல்கலைக்கழகத்தில் 2022 அக்டோபரிலும், சென்னையில் 2023 ஆகஸ்டிலும், அண்ணாவில் 2024 ஆகஸ்டிலும் துணைவேந்தர்களின் பதவிக்காலம் முடிந்தது. பிறகு அவர்கள் வேலையைப் பார்த்தது ஒருங்கிணைப்புக் குழுதான். துணைவேந்தர் தேடுதல் குழுவில் யூஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) பிரதிநிதி வேண்டும் என்றார் ஆளுநர், வேண்டாம் என்றது அரசு. நியமன அதிகாரத்தை அரசுக்கு மாற்றும் மசோதா 2022 ஏப்ரலில் நிறைவேறியது. 2025 ஏப்ரல் 8 அன்று உச்ச நீதிமன்றம், இது உட்பட ஆளுநர் ஒப்புதல் தராமல் வைத்திருந்த பத்து மசோதாக்களும் ஒப்புதல் பெற்றதாகவே கருதப்படும் என்றது. மே 21 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நியமனம் பற்றிய பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. விதியை ஒதுக்கிவிட்டு அவசரமாக நியமித்தாலும் ஆபத்துதான். ஒரே ஒரு பெயரைப் பரிந்துரைத்த தேடுதல் குழுவால் கேரளத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் நியமனத்தை உச்ச நீதிமன்றம் 2022 அக்டோபரில் ரத்து செய்தது.

காலி நாற்காலியால் ஒருவரின் சம்பளம் மிச்சமாகிறது என்று யாராவது சிரித்துக்கொண்டே சொல்வார்கள். ஆசிரியர்களுக்கான பணி மேம்பாட்டுத் திட்டத்தின் பதவி உயர்வுக்கான தேர்வுக் குழுவுக்குத் துணைவேந்தரோ அவரால் நியமிக்கப்பட்டவரோதான் தலைவர். குழு கூடாவிட்டால் பதவி உயர்வு நிற்கும். ஆனால் உரிய காலத்தில் விண்ணப்பித்தவருக்குத் தகுதி பெற்ற நாளிலிருந்தே பலன் சேரும். மூன்றாண்டு கழித்துக் குழு கூடினால் அத்தனை பேரின் நிலுவையும் ஒரே பட்ஜெட்டில் இறங்கும். அந்தப் பொறுப்பை இந்த ஆண்டு புத்தகத்தில் காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். அநேகமாகக் காட்டியிருக்க மாட்டார்கள்.

ஓய்வுபெறுவோரின் கதையும் உங்களிடம் வரும், புதிய செனட் உறுப்பினரைத்தான் முதலில் தேடி வருவார்கள். பெயர் குறிப்பிட்ட பாரா இருந்தால் பணிக்கொடையை நிறுத்திவைப்பது வழக்கம். கூடுதலாகக் கொடுத்த சம்பளத்தைத் திரும்பப் பிடிப்பதற்கு உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில் ரஃபீக் மசீஹ் வழக்கில் வரம்பு போட்டது. மூன்றாம், நான்காம் நிலை ஊழியரிடம் பிடிக்கக் கூடாது. ஓய்வுபெற்றவரிடமும் ஓராண்டுக்குள் ஓய்வுபெறப் போகிறவரிடமும் கூடாது. பிடிக்கச் சொல்லும் ஆணைக்கு ஐந்தாண்டுக்கு முன்பிருந்தே கொடுத்துவந்த தொகையையும் பிடிக்கக் கூடாது. ஆனால் 2016-இல் ஜக்தேவ் சிங் வழக்கில், கூடுதலாக வந்தால் திருப்பித் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தவருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை என்றது. எனவே ஊதிய நிர்ணயத்தின்போது கையெழுத்திட்ட உறுதிமொழித் தாளைப் பணிப்பதிவேட்டில் தேடச் சொல்லுங்கள். அது இருக்கிறதா இல்லையா என்பதில்தான் வழக்கே நிற்கிறது.

கூட்டத்துக்கு முன் செய்ய வேண்டியவை. தகவல் உரிமைச் சட்டத்தில் பதிலுக்கு 30 நாள் ஆகும், பன்னிரண்டு நாளில் உதவாது. உறுப்பினர் என்ற முறையில் பதிவாளருக்கு இன்றே எழுத்தில் கேள்வி அனுப்புங்கள். எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது உங்கள் பல்கலைக்கழகச் சட்ட விதிகளில் இருக்கும். கேட்க வேண்டியவை நான்கே. கடந்த ஐந்தாண்டில் ஒவ்வோர் ஆண்டும் கேட்ட மானியம், ஆணையான மானியம், வந்து சேர்ந்த மானியம். ஒவ்வோர் ஆண்டும் மொத்த வரவில் மானியத்தின் சதவீதம், ஆய்வுத் திட்ட நிதியை மானியமாக எழுதியிருக்கிறார்களா மற்ற வரவாகவா என்பதோடு. நிலுவைப் பாராக்கள், ஆண்டுவாரியாகவும் தொகைவாரியாகவும். 12ஏபி பதிவின் நகலும் கடைசி மூன்றாண்டு தணிக்கை அறிக்கை ஏற்றிய தேதிகளும்.

மூன்றாவது பட்டியல் கைக்கு வந்ததும் தொகைப்படி வரிசைப்படுத்துங்கள். மேலே இருக்கும் பத்துப் பதினைந்து பாராக்களில்தான் பெரும்பணம் நிற்கும். அவற்றை மட்டும் தனிக் கூட்டமர்வுக்கு எடுக்கச் சொல்லுங்கள், நுண்ணோக்கிகள் பிறகு வரட்டும். மானியம் அந்த 50 சதவீதக் கோட்டுக்கு எத்தனை கோடி மேலே நிற்கிறது என்ற எண்ணைக் கண்டுபிடித்து, நிதிச் செயலரோ அவர் அனுப்பியவரோ அறையில் இருக்கும்போது அதைச் சொல்லுங்கள். "இந்த ஆண்டு இத்தனை கோடிக்கு மேல் நிறுத்தினால் வரி விலக்கு போகும், அந்த வரியை அரசு ஏற்குமா?" என்று கேளுங்கள். பதில் "ஆவன செய்யப்படும்" என்று வந்தால், யார், எந்தத் தேதிக்குள் என்ற இரண்டையும் நடவடிக்கைக் குறிப்பில் ஏற்றாமல் அடுத்த பொருளுக்குப் போக விடாதீர்கள்.