கருவின் மரபணு விவரத்தை அமெரிக்காவுக்கு அனுப்பலாமா?

கேள்வி: எனக்கும் கணவருக்கும் தலசீமியா என்னும் பரம்பரை ரத்தநோயின் மரபணு இருப்பது முதல் குழந்தை பிறந்த பிறகுதான் தெரியவந்தது. ஐந்து வயது மகளுக்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றுகிறோம். அடுத்த குழந்தையை ஐவிஎஃப் முறையில், நோயில்லாத கருவாகப் பார்த்து வைக்கலாம் என்கிறார் டாக்டர். அமெரிக்காவில் இருக்கும் கொழுந்தனாரோ, "கருக்களின் மரபணு விவரத்தை அனுப்புங்கள் அண்ணி, உயரம், அறிவுத்திறன் எல்லாம் கணித்து வரிசைப்படுத்தித் தரும் கம்பெனி இங்கே இருக்கிறது" என்கிறார். "அப்படியே ஆணா என்றும் பார்த்துவிடு" என்பது மாமியார் ஆசை. எதெல்லாம் சட்டப்படி சரி? பிறக்கும் குழந்தையின் எலும்பு மஜ்ஜை மகளுக்கு உதவுமா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: உங்கள் டாக்டர் சொல்வது முழுக்கச் சட்டப்படியானது. தயங்காமல் செய்யுங்கள். இருவருக்கும் அந்த மரபணு இருப்பதால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோயுள்ள குழந்தை பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. செயற்கைக் கருத்தரிப்பை ஒழுங்குபடுத்தும் 2021ஆம் ஆண்டுச் சட்டம் (ஏஆர்டி சட்டம் என்பார்கள்), பிரிவு 25இல், ஏற்கெனவே அறியப்பட்ட பரம்பரை நோயைக் கண்டறியக் கருவைப் பரிசோதிக்கலாம் என்கிறது. அதற்கு மட்டும்தான் என்றும் சொல்கிறது.

அந்த 'மட்டும்' என்ற இடத்தில்தான் கொழுந்தனாரின் யோசனை அடிபடுகிறது. உயரம் குறைவாக இருப்பதோ, கணக்கு வராததோ நோய் அல்ல. இன்னொன்றும் கவனியுங்கள். ஐந்தாம் நாள் கருவின் வெளி அடுக்கிலிருந்து சில செல்களை எடுத்து, உங்கள் இருவரிடமும் உள்ள குறிப்பிட்ட பிழை இருக்கிறதா என்று பார்ப்பதுதான் தலசீமியா பரிசோதனை. உயரம், அறிவுத்திறன் கணிக்க மரபணுத் தொகுதி முழுவதையும் அலச வேண்டும். அதைச் செய்யச் சொன்னாலே உங்கள் மருத்துவமனை பிரிவு 25ஐ மீற வேண்டியிருக்கும்.

சரி, உறைய வைத்த கருவையே அங்கே அனுப்பிவிட்டால்? அதே சட்டத்தின் பிரிவு 29 அதற்கும் வேலி போட்டிருக்கிறது. சொந்தக் கருவை, சொந்த உபயோகத்துக்காக, அந்தச் சட்டப்படி அமைந்த தேசிய வாரியத்தின் அனுமதியோடு கொண்டுபோகலாம். மற்றபடி கருவை மட்டுமல்ல, அது தொடர்பான தகவலை வேறொருவருக்குக் கொடுப்பதும் அந்தப் பிரிவின் தடைக்குள் வருகிறது. தலசீமியா பற்றி வெளிநாட்டு மருத்துவரிடம் இரண்டாவது கருத்துக் கேட்பதை இதில் சேர்க்கக் கூடாது என்று வாதாட முடியும். கம்பெனிக்கு அனுப்பித் தரவரிசை போட்டு வாங்குவதை நியாயப்படுத்த என்னால் முடியாது. அமெரிக்காவில் அந்தக் கம்பெனி சட்டப்படி நடக்கிறதா என்பது நமக்குச் சம்பந்தமில்லாத கேள்வி. தவிர, அந்தக் கணிப்புகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவுகளை வைத்துச் செய்யப்பட்டவை. நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு பொருந்தும் என்று பணம் கட்டும் முன் கேட்கச் சொல்லுங்கள்.

மாமியார் விஷயத்தில் பேச்சுக்கே இடமில்லை. பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம், 2003 திருத்தத்துக்குப் பிறகு, கருப்பையில் வைக்கும் முன்பே உள்ள கருவுக்கும் பொருந்தும். கேட்டுச் செய்து கொள்பவருக்கு முதல் குற்றத்துக்கே 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். ஜாமீனில் வர முடியாத பிரிவு. பாலினம் சார்ந்த நோய்க்கு விலக்கு உண்டு, ஆனால் தலசீமியா ஆண், பெண் பார்த்து வருவதல்ல; அந்தச் சாக்கு உங்களுக்குக் கிடைக்காது. கட்டாயத்துக்கு ஆளான பெண்ணுக்கு இந்தத் தண்டனை இல்லை. கர்ப்பிணி விஷயத்தில், கணவரோ உறவினரோதான் கட்டாயப்படுத்தினார்கள் என்றே நீதிமன்றம் அனுமானிக்கும். இதை வீட்டில் எல்லோரும் இருக்கும்போது சத்தமாகப் படித்துக் காட்டுங்கள்.

உங்கள் கடைசிக் கேள்விதான் கடினமானது. அண்ணனுக்குப் பொருந்தும் திசு வகை பார்த்துக் கருவைத் தேர்வு செய்து, பிறந்த தங்கையின் மஜ்ஜையை தலசீமியா உள்ள பிள்ளைக்குக் கொடுத்தது குஜராத்தில் நடந்திருக்கிறது. ஆனால் அது 2021 சட்டத்துக்கு முன்பு. திசுப் பொருத்தம் நோய் அல்ல என்பதால், பிரிவு 25ஐ எழுத்துப்படி படித்தால் இடறும். தேசிய வாரியம் கூடுதல் நிபந்தனைகள் விதிக்க அதே பிரிவு இடம் தருவதால், மருத்துவமனை மூலம் எழுத்துபூர்வமாக விளக்கம் கேளுங்கள். வாய்மொழியாக "பார்த்துக்கலாம்" என்பவர்களை நம்ப வேண்டாம். நெறிப்படி என் மனம் இதில் உங்கள் பக்கம்தான். ஆனாலும் சம்மதம் சொல்ல முடியாத சிசுவிடம் ஒருமுறை மஜ்ஜை எடுப்பது வேறு, காலமெல்லாம் அதை அக்காவின் இருப்புக் கிடங்காக நடத்துவது வேறு.

கருவின் மரபணுவையே திருத்துகிறோம் என்று யாராவது வந்தால், கதவைச் சாத்துங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல் அதைத் தடை செய்கிறது. சீனாவில் 2018இல் இரட்டைக் குழந்தைகளுக்கு அப்படிச் செய்ததாக அறிவித்த ஹே ஜியான்குய், 2019 டிசம்பரில் மூன்று ஆண்டு சிறைத்தண்டனை பெற்றார். உங்கள் மகளின் சொந்த ரத்தச் செல்களைத் திருத்தும் சிகிச்சை வேறு. அது அடுத்த தலைமுறைக்குப் போகாது. அதைப் பற்றி ரத்தநோய் நிபுணரிடம் தாராளமாகக் கேட்கலாம்.

கையெழுத்துப் போடும் முன், மருத்துவமனை ஏஆர்டி சட்டப்படி பதிவு பெற்றதா என்று சான்றிதழைப் பாருங்கள். ஒப்புதல் படிவத்தில் பரிசோதனை 'பீட்டா தலசீமியாவுக்கு' என்று பெயர் சொல்லி எழுதச் சொல்லுங்கள். 'பிற மரபணுப் பகுப்பாய்வு' என்று பொதுவாக ஒரு வரி இருந்தால் அடித்துவிட்டு, பக்கத்தில் இருவரும் கையெழுத்திடுங்கள்.