கைபேசியும் கடன் கொப்பியும்: திருகோணமலை வாசகர் கேள்விகளுக்குப் பதில்

திறன்பேசி, கியூஆர் குறியீடு, இணையவழி முன்பதிவு, செயற்கை நுண்ணறிவு ஆகியவை நம் மாவட்டத்தின் பிழைப்பையும் வீடுகளையும் எப்படி மாற்றுகின்றன என்று பலர் கேட்டிருந்தார்கள். உயர்தர வகுப்புகளுக்கு நீண்ட காலம் பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் அவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

உப்புவெளி, மீனவர் ஒருவரின் மகள்: ஐயா, கொழும்புக்கு அருகிலுள்ள பேலியகொடை மொத்த மீன் சந்தையின் விலை அப்பாவுக்குக் காலையிலேயே கைபேசியில் தெரிந்துவிடுகிறது. ஆனாலும் கையில் மிஞ்சும் காசு கூடவில்லை. தொழில்நுட்பம் வருமானத்தை உயர்த்தும் என்பது பொய்யா?

பதில்: பொய்யில்லை மகள், ஆனால் அரைவாசிக் கதை. 1997 ஜனவரி 14 அன்று காலை, கேரளத்தின் வடகரை என்ற ஊரில் கரையேறிய 11 படகுகளின் சாளை மீனை வாங்க ஆளில்லை. அதே வேளையில் 15 கிலோமீற்றருக்கு உட்பட்ட பக்கத்துச் சந்தைகளில் 27 பேர் மீன் கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பவிருந்தார்கள். இதைப் பதிவு செய்த ரொபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர், அந்தக் கரைக்குக் கைபேசி வந்த பின்னர் மீன் வீணாவது ஏறக்குறைய நின்றுபோனதையும், மீனவரின் இலாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியதையும், வாங்குவோர் கொடுத்த விலை 4 சதவீதம் குறைந்ததையும் 2007இல் வெளியான ஆய்வில் காட்டினார்.

பின்னர் கேரளக் கரைக்குச் சென்ற வேறு ஆய்வாளர்கள் மற்ற அரைவாசியைக் கண்டார்கள். படகுக்கும் வலைக்கும் எவரிடம் முற்பணம் வாங்கினாரோ அவர் வழியாகவே மீனை விற்க வேண்டியிருக்கும் மீனவருக்கு, அடுத்த ஊர் விலை தெரிந்தும் அங்கே போக வழியில்லை. உங்கள் அப்பாவின் நிலையும் இதுவாகவே இருக்கும் என்று நினைக்கிறேன். விடியற்காலையில் நம் கரைகளில் நின்று பாருங்கள்: பொலித்தீன் பையில் இறுகக் கட்டிய கைபேசியை, பையைப் பிரிக்காமலேயே விரலால் அழுத்திக் கதைத்தபடி படகுக்காரர் இறங்குவார், மணலில் காத்து நிற்கும், முற்பணம் தந்த முதலாளியின் ஆள் கையில் ஓரம் சுருண்ட ஒரு கடன் கொப்பி இருக்கும். பேலியகொடையில் என்ன விலை போனாலும், உங்கள் வீட்டுக்கு வரும் விலை அந்தக் கொப்பியில்தான் தீர்மானமாகிறது.

ஆகவே ஒரு மாதத்துக்குச் சந்தை விலை, உங்களுக்குக் கிடைத்த விலை, எடை ஆகிய மூன்றையும் அதே கைபேசியில் குறித்து வாருங்கள். ஐஸ், லொறிக் கூலி, வியாபாரியின் நியாயமான இலாபம் ஆகியவற்றைக் கழித்த பின்னும் எஞ்சும் வித்தியாசம், முற்பணத்துக்கு நீங்கள் பெயர் சொல்லாமல் கட்டும் வட்டியாகும். அதைக் கூட்டுறவுச் சங்கக் கடனின் வட்டியோடு ஒப்பிட்டு அப்பாவுக்குக் காட்டுங்கள்.

நகரம், மரக்கறிக் கடைக்காரர்: கடையில் கியூஆர் மட்டை தொங்கவிடச் சொல்கிறார்கள். வரிக்காரர் பார்த்துவிடுவார்கள் என்று தயங்குகிறேன்.

பதில்: கியூஆர் வழியாக வரும் காசு சுவடு விடும் என்பது உண்மை. ஆனால் 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரையான வருமானத்துக்குத் தனிநபர் வருமான வரி இல்லை. அதுவும் இங்கே கணக்கில் வருவது தொழிற்செலவு போக மிஞ்சுவதே, மேசை லாச்சியில் விழும் மொத்தக் காசு அன்று. நாளைக்குக் குளிரூட்டிப் பெட்டி வாங்க வங்கியில் கடன் கேட்கும்போது, உங்கள் வியாபாரத்துக்கு அந்தச் சுவடே சாட்சியாக நிற்கும்.

கியூஆர் நமக்குப் புதியதும் அன்று. 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது பங்கீட்டுக்காக லெமினேட் செய்த அந்தக் கியூஆர் சதுரம் இன்னும் என் பணப்பையில் கிடக்கிறது. அது ஒரு லீற்றர் பெற்றோலையும் கூடுதலாகக் கொண்டுவரவில்லை. இருந்ததை வாகன வகைக்கேற்ப வாராந்தம் பங்கிட்டுக் கொடுத்தது, வரிசை சுருங்கியது.

மூதூர், குடும்பத் தலைவி: சேர், கணவர் கட்டாரில் இருக்கிறார், இந்த மாதம் காசு பிந்திவிட்டது. ஒரு செயலியில் ஐந்து நிமிடத்தில் கடன் தருகிறார்களாம். எடுக்கலாமா?

பதில்: எடுக்காதீர்கள் தங்கச்சி. 10,000 ரூபா என்று சொல்லி, கட்டணம் கழித்து 8,000 ரூபாவைக் கையில் தந்து, இரண்டு கிழமையில் 10,000 ரூபாவைத் திருப்பிக் கேட்டால், அது இரண்டு கிழமைக்கு 25 சதவீத வட்டி. அதைவிட மோசமானது, இத்தகைய செயலிகள் பல உங்கள் தொடர்பு எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்பது. நகையை அடகு வைத்தால் நகைதான் போகும். இங்கே தவணை பிந்தினால் உங்கள் மகனின் வகுப்பாசிரியருக்கும் சம்பந்தி வீட்டாருக்கும் அழைப்புப் போகும். தனிநபர் தரவைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, ஆனால் மானம் போன பிறகு சட்டம் வந்து என்ன செய்ய? கடன் தருபவர் மத்திய வங்கியின் உரிமம் பெற்றவரா என்று அதன் இணையத்தளப் பட்டியலில் பாருங்கள். ஒரு மாதத் தட்டுப்பாடுதான் என்றால், வங்கியின் நகை அடகே மேல்.

உயர்தர மாணவர்: வங்கி வேலைகளை இயந்திரம் விழுங்கிவிடுமா?

பதில்: 2013இல் ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர் இருவர் அமெரிக்க வேலைகளில் 47 சதவீதம் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னார்கள், 2016இல் ஓஈசீடி (பெரும்பாலும் செல்வந்த நாடுகளின் பொருளாதார அமைப்பு) நாடுகளைப் பற்றி வந்த கணிப்பு 9 சதவீதம். முன்னவர்கள் தொழிலை முழுதாக எண்ணினார்கள், பின்னவர்கள் ஒரு தொழிலுக்குள் இருக்கும் பணிகளைத் தனித்தனியாக எண்ணினார்கள். நீங்களும் பணியைப் பாருங்கள்: காசு எண்ணுவது போகும், கடன் கேட்டு வந்தவரின் வயலை நேரில் பார்த்து முடிவெடுப்பது இலேசில் போகாது.

கிண்ணியா, இளைஞர்: எல்லா விண்ணப்பமும் இணையத்துக்குப் போய்விட்டதால் உம்மாவுக்கு நானோ, இணைய விண்ணப்பம் நிரப்பித் தரும் கொமினிகேசன் கடையோதான் கதி. இதை முன்னேற்றம் என்பதா?

பதில்: பஸ் ஏறிக் கந்தோருக்குப் போய், "நாளைக்கு வாங்க" என்ற பதிலோடு திரும்பிய நாட்களை நினைத்தால், முன்னேற்றம் என்றுதான் சொல்வேன். ஆனால் அதற்கு ஒரு விலை இருக்கிறது. நான் போகும் கடையில் வாடிக்கையாளரின் அடையாள அட்டை எண், மின்னஞ்சல், கடவுச்சொல் எல்லாம் ஒரே சி.ஆர். கொப்பியில் வரிசையாக எழுதப்பட்டு, தேநீர்க் கறையோடு எல்லோர் கண்ணிலும் படும்படி கிடக்கின்றன. அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை; மறதிக்காரருக்கு உதவத்தான் எழுதி வைத்திருக்கிறாள். ஆனாலும் ஓர் ஊரின் திறப்புக்கோர்வை அவள் மேசையில் கிடக்கிறது. கடவுச்சொல்லை நீங்களே தட்டுங்கள். வங்கியிலிருந்து குறுஞ்செய்தியில் வரும் இலக்கத்தை எவருக்கும் வாசித்துக் காட்ட வேண்டாம் என்று உம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

நிலாவெளி, விடுதி நடத்துபவர்: முன்பதிவுத் தளத்தில் சேர்ந்த பின் வெளிநாட்டவர் வருகிறார்கள், ஆனால் தரகு கடிக்கிறது. விலகலாமா?

பதில்: விலக வேண்டாம். இத்தகைய தளங்களின் தரகு பெரும்பாலும் 15 சதவீதத்தை ஒட்டியிருக்கும். பெர்லினில் இருப்பவருக்கு உங்கள் நான்கு அறைகளை அறிமுகப்படுத்த வேறு எவரும் அதைவிடக் குறைவாக வாங்கப்போவதில்லை. ஆனால் அறிமுகக் கூலியை ஒவ்வொரு ஆண்டும் கொடுத்துக்கொண்டிருப்பதுதான் பிழை. கார்த்திகை, மார்கழி மழையில் அறைகள் பூட்டிக் கிடக்கும்போது தளத்துக்குச் செலவில்லை, காவலாளிக்கு நீங்கள்தான் சம்பளம் கொடுக்கிறீர்கள். எனவே வைகாசி முதல் புரட்டாதி வரையான பருவத்தில் வந்து போகிறவரிடம், கணக்கு முடிக்கும் நேரத்தில் உங்கள் வட்சப் எண் எழுதிய அட்டையைக் கொடுத்து, மறுமுறை நேரே அழைத்தால் காலைச் சாப்பாடு இலவசம் என்று சொல்லுங்கள்.