கேளுங்க டீச்சர்: ஜப்பான் பிள்ளைங்க இங்கிலீஷும் நம்ம காதும்

இந்த தடவை ஒரே விஷயத்த சுத்தி அஞ்சாறு கேள்வி வந்து குவிஞ்சிருக்கு. நான் ரிட்டையர் ஆனப்புறம் கோலாலம்பூர்ல ஒரு மொழி சென்டர்ல ஜப்பான் பிள்ளைங்களுக்கு ஸ்பீக்கிங் டெஸ்ட் எடுக்கிறேன்னு போன மாசம் பேச்சு வாக்குல எழுதிட்டேன், அதான் வினை. சரி, வந்தத எல்லாம் சேத்தே பாத்துடுவோம்.

வணக்கம் டீச்சர். எனக்கும் மொழி சென்டர் ஒன்னுல பார்ட் டைம் வேலை கெடச்சிருக்கு. ஜப்பான்லேருந்து ஒரு மாச கோர்ஸுக்கு வர்ற காலேஜ் பிள்ளைங்கள மொத நாளே டெஸ்ட் பண்ணி லெவல் பிரிக்கணும், ஆளுக்கு 20 நிமிஷம். உச்சரிப்பு, வோக்காபுலரி, கிராமர், பேச்சு நாலுக்கும் தனித்தனி மார்க். போன வாரம் கூட உக்காந்து பாத்தேன், ஒரு பொண்ணு எதுக்குமே வாய தொறக்கல, பாவமா போச்சு. எங்கேருந்து ஆரம்பிக்கிறது? (பிரிக்பீல்ட்ஸ் வாசகி)

அந்த பொண்ணு வாய தொறக்கலன்னு சொல்றியே, எத்தனை செகண்டு காத்திருந்தீங்கம்மா? சும்மா குத்தம் சொல்ல கேக்கல, நானும் அப்படித்தான் இருந்தேன். முப்பது வருஷம் கிளாஸ்ல கத்தி பழகின வாயி, பிள்ள மூனு செகண்டு சும்மா இருந்தா நானே பதில எடுத்துக் குடுத்துடுவேன். ஒரு நாள் கேள்வி கேட்டுட்டு தே ஓ ஒரு வாய் இழுத்தேன், கொதிக்க கொதிக்க இருந்துச்சு, முழுங்கவும் முடியல துப்பவும் முடியல, அத நான் சமாளிக்கிறதுக்குள்ள எதிர்ல இருந்த பையன் மூனு வாக்கியம் பேசிட்டான். அதுவரைக்கும் அவனுக்கு பேச்சுக்கு பத்துக்கு மூனுதான் போட்டு வச்சிருந்தேன். அன்னைலேருந்து மனசுக்குள்ள பத்து வரைக்கும் எண்றேன். ஜப்பான் பிள்ளைங்களுக்கு பேசாம இருக்கிறது ஒன்னும் வெக்கக்கேடு இல்ல, யோசிக்கிறாங்கன்னு அர்த்தம், பதில் சரியா இருக்கணும்னு உள்ளுக்குள்ள முழு வாக்கியத்தையும் கட்டி முடிச்சப்புறம்தான் வெளிய விடுவாங்க. வெளிநாடு படிக்கப் போறவங்க எழுதற ஐஎல்ட்ஸ் இங்கிலீஷ் பரீட்சையில ஸ்பீக்கிங்கே 11லேருந்து 14 நிமிஷம்தான், அதுலயும் கிட்டத்தட்ட இதே நாலு தலைப்புதான், உங்க கையில 20 இருக்கு, அவசரமே இல்ல.

ஆரம்பத்துல ஒரு சின்ன பாரா படிக்க சொல்லுங்க, ஆனா அதுல ஏமாந்துடாதீங்க. ஜப்பான்ல எய்கென்னு ஒரு இங்கிலீஷ் பரீட்சை இருக்கு, 1963லேருந்து நடக்குது, அதுல மூனாவது கிரேடுலேருந்து நேர்ல இன்டர்வியூ உண்டு. ஒரு கார்டு குடுப்பாங்க, 20 செகண்டு மனசுக்குள்ள படி, அப்புறம் சத்தமா படி, அப்புறம் அதுலேருந்து கேள்வி. இதுக்குன்னே பழகின பிள்ளைங்க நம்ம முன்னாடி ரேடியோ நியூஸ் மாதிரி படிப்பாங்க. கார்ட வாங்கி கவுத்து வச்சிட்டு "இதுல என்ன சொல்லியிருக்கு, உங்க வீட்டுலயும் இப்படித்தானா"ன்னு கேட்டு பாருங்க, அப்பதான் உண்மையான லெவல் வெளிய வரும்.

உச்சரிப்புல மொதல்ல கவனிக்க வேண்டியது எழுத்து இல்ல, நடை. ஜப்பான் மொழியில அஞ்சே உயிரெழுத்து, வார்த்தை முடிவுல 'ன்' தவிர வேற மெய் நிக்காது, அதனால 'ஸ்ட்ரைக்'னு நாம ஒரே மூச்சுல சொல்றது அங்க 'சு-தோ-ரா-இ-கு'ன்னு அஞ்சு தட்டா வரும். மெக்டொனால்ட்ஸ் 'மகுதொனருதோ'. சிரிக்காதீங்க, நம்ம தாத்தா பாட்டி 'இஸ்கூலு', 'பஸ்ஸு'ன்னது அதே நோய்தான். உங்களுக்கு புரியறதுக்கு தடங்கலா இருந்தா மார்க்க குறைங்க, ஜப்பான் வாடை அடிக்குதுங்கறதுக்காக குறைக்காதீங்க. 'த்திங்க்'ங்கறது 'சிங்க்'னு வரும், 'வெரி' 'பெரி'யா வரும். நம்ம ஆளு 'த்ரீ'ய 'ட்ரீ'ங்கறான், அவனுக்கு யாரு மார்க் குறைச்சா?

வோக்காபுலரியிலதான் வேடிக்கை. கத்தகானாவுல (வெளிநாட்டு வார்த்தை எழுதற அவங்க எழுத்து) எழுதற இங்கிலீஷ் வார்த்தை ஜப்பான்ல ஆயிரக்கணக்குல இருக்கு, பிள்ளைங்களுக்கு அது பலம், அதே நேரம் கண்ணிவெடி. ஒரு பொண்ணு "ஐ லிவ் இன் மேன்ஷன் இன் மோண்ட் கியாரா"ன்னு சொன்னா, அடேயப்பா பணக்கார வீட்டு பிள்ளைன்னு நெனச்சிட்டேன். அங்க 'மான்ஷோன்'னா சாதாரண அபார்ட்மெண்ட், அதாவது நம்ம கொண்டோ. 'வைகிங்'னா பஃபே சாப்பாடு, 'கன்னிங்கு'ன்னா பரீட்சையில காப்பி அடிக்கிறது, 'கொன்செந்தோ'ன்னா செவுத்துல இருக்கிற பிளக் பாயிண்ட், 'சுமாத்தோ'ன்னா ஒல்லி. ஒருத்தன் "ஐ வில் க்ளெய்ம் டு தி ரெஸ்டாரண்ட்"ன்னான், நான் ஆபீஸ்ல பில்லு நீட்டி காசு வாங்குற க்ளெய்ம்னு நெனச்சேன், அவன் சொன்னது கம்ப்ளெயிண்ட் பண்ண போறேன்னு. அதனால அர்த்தம் தெரியுமான்னு லிஸ்ட் குடுத்து டிக் போட சொல்லாதீங்க, எல்லாத்துக்கும் டிக் விழும். அந்த வார்த்தைய வச்சு பேச விடுங்க.

கிராமருக்கு கோடிட்ட இடம் நிரப்புறது வேணவே வேணாம்மா, அதுல அவங்க உங்களையும் என்னையும் தோக்கடிச்சிடுவாங்க. "நேத்து காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் என்ன செஞ்சே"ன்னு கேளுங்க, போதும். 'ஏ', 'தி' காணாம போவும், பன்மை காணாம போவும், அவங்க மொழியில 'ஏ', 'தி' கெடையாது, பன்மை போட்டே ஆகணும்னும் இல்ல. "ஐ வாஸ் ஸ்டோலன் மை பேக்"னு ஒன்னு வரும், அவங்க மொழியில பறிகொடுத்தவனையே எழுவாயா வச்சு அப்படி சொல்லலாம், அதோட நிழல் அது. "ஆல்மோஸ்ட் ஜப்பனீஸ் பீப்பிள்"னா 'பெரும்பாலான ஜப்பான்காரங்க'ன்னு சொல்ல வர்றாங்க. இது எல்லாம் படிக்காததால வர்ற தப்பு இல்ல, லெவல் பிரிக்கறப்ப இத மட்டும் வச்சு கீழ தள்ளிடாதீங்க.

ரெண்டு பேர ஜோடியா உக்கார வச்சு பேச விட்டா நேரம் மிச்சம்னு சென்டர்ல சொல்லுவாங்க. சீனியர் ஜூனியர் ஜோடி மட்டும் போட்டுடாதீங்க, சீனியர் முடிக்கிற வரைக்கும் ஜூனியர் தலைய ஆட்டிக்கிட்டே இருப்பான், அதுக்குள்ள டைம் முடிஞ்சிடும். அப்புறம் அந்த தலையாட்டல், "யெஸ் யெஸ்"ங்கறது, "கேட்டுக்கிட்டு இருக்கேன்"னுதான் அர்த்தம், ஒத்துக்கிட்டான்னு இல்ல.

நான் டிஸ்டர்ப் பண்ணாம ஒரே கேள்விதான். ஜப்பான் மாணவி ஒருத்திகிட்ட "யூ டோண்ட் லைக் டுரியான்?"னு கேட்டேன், "யெஸ்"னா. பிடிக்காதுன்னு நான் எழுதினேன், கூட இருந்த இங்கிலாந்துக்காரர் பிடிக்கும்னு எழுதினார். சண்டையே வந்துடுச்சு. யாரு சரி? (செந்தூல் வாசகர்)

அர்த்தத்துல நீங்க சரி, இங்கிலீஷ்ல அவர் சரி. "சாப்பிடலையா?"ன்னு கேட்டா நாம என்ன சொல்றோம்? "ஆமா, சாப்பிடல." ஜப்பான்லயும் அப்படியேதான், 'ஹாய்'னா "நீங்க சொல்றது சரி"ன்னு அர்த்தம். இங்கிலீஷ்ல "நோ, ஐ டோண்ட்" வரணும். உங்க மண்டைக்குள்ள தமிழ் ஓடிக்கிட்டு இருந்ததால அந்த பொண்ணு மனசு உங்களுக்கு தெரிஞ்சுது, தப்பு மட்டும் காதுல விழல.

இதத்தான் நான் ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருக்கேன், டெஸ்ட் எடுக்கிறப்ப பிள்ளையோட வாய மட்டும் இல்ல, நம்ம காதையும் சந்தேகப்படணும். 'வி'க்கும் 'டபிள்யூ'வுக்கும் நமக்கு வித்தியாசம் தெரியாது, அதனால அந்த இடத்துல பிள்ளைங்க தப்பு பண்ணாலும் விட்டுடுவோம். "எஸ்டர்டே ஐ கோ"ன்னா மங்லீஷ், அதாவது நம்ம மலேசிய இங்கிலீஷ் பழகின காதுக்கு உறுத்தவே உறுத்தாது. வெள்ளக்காரர் விடாம பிடிக்கிறது இதத்தான், ஆனா அவர் பாதி புரியாம "பார்டன்?"ம்பார், நாம மொத தடவையே புரிஞ்சிக்குவோம். நான் ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி (பிள்ளைகிட்ட கேட்டுட்டுதான்) சாயங்காலம் எங்க சென்டர் சீனத்தி டீச்சரோட சேர்ந்து இன்னொரு தடவை கேப்பேன், ரெண்டு பேர் மார்க்கும் ஒத்துப் போனா சரி. இனிமே அந்த மாதிரி 'டோண்ட்' போட்ட கேள்வியே கேக்காதீங்க, "டு யூ லைக்"னு நேரா கேளுங்க. அந்த பொண்ணுக்கு பேச்சுல குறைக்க வேணாம், கிராமர்ல அரை மார்க் குறைச்சா போதும்.

வருஷக்கணக்கா இங்கிலீஷ் படிச்சும் ஏன் பேச வரல அவங்களுக்கு? நாம எல்லாம் மாமாக் கடையிலயே கத்துக்கிட்டோமே! (ஜோர்ஜ்டவுன் வாசகர்)

பரீட்சையில என்ன கேக்குறாங்களோ அதத்தானே ஸ்கூல்ல சொல்லித் தருவாங்க. அவங்க யூனிவர்சிட்டி நுழைவுத் தேர்வுல லிசனிங்கே 2006லதான் சேந்துச்சு. 2021ல புது பொதுத் தேர்வு வந்துச்சு, ரீடிங்குக்கு 100, லிசனிங்குக்கு 100, ஸ்பீக்கிங் கெடையாது. வெளி கம்பெனி டெஸ்ட் மார்க்க வச்சு பேச்சையும் சேக்கலாம்னு அரசாங்கம் திட்டம் போட்டுச்சு, ஏழை பிள்ளைங்க, கம்பத்துல இருக்கிற பிள்ளைங்க என்ன பண்ணுவாங்கன்னு எதிர்ப்பு வரவே 2019 நவம்பர்ல தள்ளி வச்சாங்க, 2021ல கைய கழுவிட்டாங்க. 2023ல நாடு முழுக்க மிடில் ஸ்கூல் கடைசி வருஷ பிள்ளைங்களுக்கு வச்ச சோதனையில ஸ்பீக்கிங் பகுதியில சராசரி சரியான விடை 12.4 விழுக்காடுதான், பாதிக்கு மேல பிள்ளைங்க சைபர். கேள்வியே கஷ்டம்னு அங்க டீச்சர்மார் சண்டைக்கு போனாங்க, அது வேற கதை. தோக்கியோவுல மட்டும் 2022லேருந்து அந்த வயசு பிள்ளைங்களுக்கு ஹெட்செட் மாட்டி டேப்லெட்டுல ஸ்பீக்கிங் டெஸ்ட் வச்சு, ஹைஸ்கூல் சேர்க்கைக்கு 20 மார்க்கா எடுத்துக்கறாங்க. மாறிக்கிட்டுதான் இருக்கு. மாமாக் கடைன்னீங்களே, அது உண்மை, ஆனா மலாய்க்காரரு சீனரு தமிழருன்னு நாலு மொழி மேசையில இருந்தா இங்கிலீஷ் தேவைப்படும், அவங்க ஊர்ல மேசைக்கு ஒரே மொழி.

என்கிட்ட டியூஷன் படிக்கிற ஜப்பான் பையன் மூனு மாசமா இங்கிலீஷ் எழுத்து எல்லும் (L) ஆரும் (R) மாத்தி மாத்தி சொல்றான். திருத்தி திருத்தி எனக்கு தொண்ட கட்டிடுச்சு. (பாயான் லெப்பாஸ் வாசகி)

தொண்டைய விடுங்க, அவன் காத பாருங்க. அவங்க மொழியில ரெண்டுக்கும் சேத்து ஒரே சத்தம்தான், நம்ம 'மரம்'ல வர்ற 'ர' மாதிரி நாக்கால ஒரு தட்டு. சின்ன வயசுலேருந்து ஒன்னுன்னு கேட்ட காதுக்கு திடீர்னு ரெண்டா கேக்காது. 1971லயே ஒரு ஆராய்ச்சியில பாத்திருக்காங்க, சில பேர் வாயால பிரிச்சு சொல்லிடுவாங்க, ஆனா தான் சொன்னதையே திருப்பி போட்டு காட்டினா எது எதுன்னு அவங்களுக்கே தெரியாது. அதனால கேக்கறதுக்கு தனி டெஸ்ட், சொல்றதுக்கு தனி டெஸ்ட் வைங்க. 1991ல லோகன், லைவ்லி, பிசோனின்னு மூனு பேர் ஜப்பான்காரங்களுக்கு பல பேர் குரல்ல எல், ஆர் மட்டும் மாறுற ஜோடி வார்த்தைங்கள கேக்க வச்சு பழக்கினாங்க, காது தேறிச்சு. உங்க ஒருத்தர் குரல் மட்டும் பத்தாது. மகன், பக்கத்து வீட்டு அங்கிள், யாரு கெடச்சாலும் ஃபோன்ல பேச வச்சு பிடிங்க.

எல்லா வார்த்தைக்கும் மல்லுக்கட்டாதீங்க. 'ரைஸ்' எப்படி சொன்னாலும் நாசி கண்டார் கடையில சோறுதான் போடுவாங்க. எங்கிட்ட ஒருத்தன் பேப்பர நீட்டி "ப்ளீஸ் கரெக்ட்"னான், நான் செவப்பு பேனாவ எடுத்து கோடு போட ஆரம்பிச்சிட்டேன், பாவம் அவன் சொன்னது 'கலெக்ட்'. அந்த மாதிரி இடம் பாத்து தெரிஞ்சிக்க முடியாத ஜோடியா பொறுக்கி பழக்குங்க.

தமிழும் ஜப்பானும் ஒரே குடும்பம்னு வாட்ஸாப்ல வருதே? (கிள்ளான் சாலை வாசகர்)

ஓனோ சுசுமுன்னு ஜப்பான் அறிஞர் ஒருத்தர் அப்படி வாதாடினார், மொழியியல்காரங்க பெரும்பாலும் ஏத்துக்கல. ஆனா வாக்கியம் கட்டற விதம் ஒன்னுதான். "நான் நேத்து பினாங்குல லக்சா சாப்பிட்டேன்", "வதாஷி வா கினோ பெனான் தே ரகுசா ஓ தபெமஷ்தா". விரல வச்சு எண்ணி பாருங்க, 'பெனான் தே' பினாங்குல, கடைசியில சாப்பிட்டேன், வரிசை மாறல. சொந்தமோ இல்லையோ, அவங்களுக்கு இங்கிலீஷ்ல எங்க வழுக்குதோ அங்க நமக்கும் வழுக்கும்.

எங்க வீட்டுல ஜப்பான் பொண்ணு ஒன்னு தங்கியிருக்கு, நல்ல பிள்ள. பசியாற கூப்பிட்டா ரூம்லேருந்து "ஐ யம் கோயிங்"குது. கோவமோன்னு நெனச்சா சிரிச்சிக்கிட்டே வந்து உக்காருது. நான் மார்க்கெட் கெளம்புறப்ப "ஓகே, ஐ கம்"னா பேந்த பேந்த முழிக்குது. (ஆயர் ஈத்தாம் அம்மா)

தங்கம்மா அது, கோவம் எல்லாம் இல்ல. அவங்க மொழியில கூப்பிட்டவங்ககிட்ட வர்றதுக்கும் 'போறேன்'தான். நீங்களோ போறேன்னு சொன்னா அபசகுனம்னு 'வர்றேன்'னு சொல்றீங்க, கையில கூடையோட வாசல தாண்டுறவங்க "ஐ கம்"னா அவ என்னத்த புரிஞ்சிக்குவா. இங்கிலீஷ விடுங்க. நாளைக்கு கெளம்புறப்ப "இத்தேகிமாஸ்"னு சொல்லி பாருங்க. ஜப்பான்ல வீட்ட விட்டு கெளம்புறவங்க சொல்றது அது, வார்த்தைக்கு வார்த்தை "போயிட்டு வர்றேன்". "இத்தேராஷாய்"னு உள்ளேருந்து பதில் வந்தா கதவ சாத்திட்டு நிம்மதியா மார்க்கெட் போங்க.